வெளியாள் சீட்டு

வயதுக்கு வந்த என் மகளை நான்கு நாளாக இலைத் தட்டிக்குள் உட்கார வைத்திருந்தோம். பானைகளில் சடங்குக்குக் குடிக்கிற சிச்சாக் கள் பொங்கிக்கொண்டிருந்தது. ருசி பார்க்கிறவர்கள் நாக்கில் விட்டுப் பார்த்து, "நாளைக்குப் பதம். அதுக்கு மேல தாங்காது" என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்குள் சடங்குப் பாட்டுக்காரனான என் அண்ணன் இனகினியா வந்து பாடி அவளுக்குப் பேர் வைத்தாக வேண்டும்.

எங்கள் குனா இனத்து ஆண்கள் கல்யாணமானால் பெண்டாட்டி வீட்டோடு போய்விடுவார்கள். அண்ணன் போனது தாகர்குனா மலைக்கு அந்தப் பக்கம், எல்லை தாண்டி கொலம்பியாவுக்கு. உச்சிக்குக் கீழே எங்கள் பக்கத்து எல்லைச் சாவடியில் அவனை நிறுத்திவிட்டார்கள் என்று தகவல் வந்ததும் விழுந்தடித்துக்கொண்டு ஏறினேன்.

அண்ணன் புல்லாங்குழலை மடியில் வைத்துக்கொண்டு, திருடன் மாதிரி தரையில் உட்கார்ந்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாட்டுக்குள்ள வர்றதுக்கு முத்திரை இல்லம்மா. துறைமுகத்துக்குப் போய்க் குத்திட்டு வரணும். ஒரு வாரம் ஆகும்" என்றான் காவலன். தலைநகரத்துக்காரன், மலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அந்நேரம் மூட்டையும் குழந்தையுமாக முப்பது பேர் வந்தார்கள். வடக்கே பிழைப்புத் தேடிப் போகிறவர்கள். முகத்தைக்கூடப் பார்க்காமல் வழியே கடந்து போகிற வெளியாளுக்கான மஞ்சள் சீட்டை ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பினான்.

"இவங்கள்லாம் யாரு? உன் சித்தப்பா பிள்ளைங்களா?"

"அவங்க போயிடுவாங்கம்மா. நீங்கதான் திரும்பத் திரும்ப வர்றீங்க."

என்ன பேச்சு இது! சொந்த வீட்டுக்கு வராமல் வேறு எங்கே வருவதாம்?

பிறகு குரலைத் தாழ்த்தினான். "வேணும்னா இவருக்கும் சீட்டு தர்றேன். இங்க எனக்கு யாருமில்ல, வடக்க போறேன்னு கையெழுத்துப் போடட்டும்." உதவி செய்கிறானாம்!

"போடாதண்ணே! கூடப்பொறந்தவ நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்."

"சிச்சா காத்திருக்குமா தங்கச்சி?" என்று அண்ணன் பேனாவை வாங்கினான்.

மறுநாள் சடங்கு வீடு நிறைந்திருந்தது. அண்ணன் குழல் ஊதி முடித்துப் பாட்டைத் தொடங்கினான். முதல் அடியே, இந்த மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் நாங்கள் என்பதுதான். பாதியில் நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான்.

"எப்படி இதைப் பாடுறது? இங்க எனக்கு யாருமில்லன்னு எழுதிக் குடுத்துட்டேனே."

"பாடுண்ணே!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். "அந்தக் காகிதத்துக்கிட்டதானே பொய் சொன்னே? மலைகிட்டயா சொன்னே?"

பாடினான். என் மகளுக்குப் பேர் கிடைத்தது. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை.