ஸ்டீயரிங் பெட்டிக்குள் சொந்தபந்தம்

அங்கப்பனுக்கு வாயில் வராத சொல் ஒன்று உண்டு. ‘வேண்டாம்’. கல்யாண வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு எழுந்திருக்கும்போது எவனாவது இன்னொரு கரண்டிச் சோற்றோடு வந்து நின்றால், மறுபடி உட்கார்ந்து தின்பார். கேட்டால், “பாவம், ஆசையாக் கொண்டாராங்க, மொகத்துல அடிச்ச மாதிரி சொல்ல முடியுங்களா?” என்பார். தொண்டாமுத்தூர்ப் பக்கம் அவரை நல்ல மனுசன் என்றார்கள். அவர் மனைவி சென்னியம்மாள் மனசுக்குள் வேறொரு பெயர் வைத்திருந்தாள். அதை இங்கே எழுத முடியாது.

இந்த நல்ல மனுசனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பெருமைதான். ஊர் மாரியம்மன் நோம்பிக்குப் பவானி கூடுதுறையிலிருந்து தீர்த்தக் குடங்களைக் கொண்டுவருவது அவருடைய லாரி. அவர் அப்பன் வாங்கிப் போட்ட பழைய லாரி. முகப்பில் மாலை, முன்னால் மேளம், இறங்கியதும் அங்கப்பன் தலையில் பரிவட்டம். அந்த முழத்துணிக்காகத் தென்னந்தோப்பையே கூட எழுதிக் கொடுப்பார். பங்காளி மோகன்குமார் புதுசாக ஒரு பிக்கப் வண்டி வாங்கி வாசலில் நிறுத்தியதிலிருந்து மனுசனுக்குச் சரியாகத் தூக்கமில்லை. பரிவட்டம் எங்கே அந்தத் தலைக்குப் போய்விடுமோ என்ற பயம்.

இந்த நேரம் பார்த்து லாரியின் ஸ்டீயரிங் கனத்துப்போனது. பவர் ஸ்டீயரிங் எல்லாம் வராத காலத்து வண்டி. ஸ்டீயரிங் தண்டின் அடியில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதற்குள் சுற்றுகிற மரையும் அதைக் கடிக்கிற பல்லும் எண்ணெயில் முங்கிக் கிடக்க வேண்டும். அடியிலிருந்த ரப்பர் சீல் தேய்ந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. நோய் அவ்வளவுதான். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். விட்டாரா? டீக்கடைக்குப் போய், “ஸ்டீயரிங் பெட்டிக்கு எந்த ஆயிலுங்க நல்லது?” என்று கேட்டார். வீட்டுக்கு வீடு மோட்டாரும் லேத்தும் தறியும் ஓடுகிற நாட்டில் கேட்கிற கேள்வியா இது? எண்ணெயைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்ல இங்கே எந்த ஆம்பளைக்கு நாக்கு வரும்?

முதலில் வந்தவர் கோயில் தர்மகர்த்தா அரங்கசாமி. கையில் ஒரு டப்பா கட்டி கிரீஸ். “நம்ம கெணத்து மோட்டாருக்குப் போடறதுங்க. ஒழுகவே ஒழுகாது. வெச்சா வெச்ச எடத்துல நிக்கும்.” தர்மகர்த்தா தந்ததை மறுக்க முடியுமா? பெட்டிக்குள் அப்பினார்.

அடுத்த நாள் சூலூரிலிருந்து சென்னியம்மாளின் தம்பி வந்தான். தறி ஓட்டுகிறவன். “மச்சான், தறிக்கு ஊத்தற எண்ணெய். தண்ணி மாதிரி இருக்கும், சந்து பொந்தெல்லாம் போவும்.” மச்சினன் மனசு நோகலாமா? அதையும் ஊற்றினார்.

அப்புறம் மாப்பிள்ளை கிருபாசங்கர். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். லாரியின் பக்கத்தில் நின்றால் சட்டை அழுக்காகும் என்று பத்தடி தள்ளி நிற்கிறவர். அவர் ஆன்லைனில் வரவழைத்து அனுப்பியது நீல நிறத்தில் ஏதோ ஒரு சிந்தெடிக் சமாச்சாரம், பந்தயக் காருக்குப் போடுவதாம். மாப்பிள்ளை கொடுத்ததை வேண்டாம் என்றால் மகள் அங்கே எப்படி வாழ்வாள்? அதுவும் உள்ளே போயிற்று.

வேலியோரம் நின்று இந்தக் கூத்தையெல்லாம் பார்த்த மோகன்குமாருக்குப் பொறுக்கவில்லை. “அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. எல்லாத்தையும் வழிச்செடுத்துப் போட்டு அடியில இருக்கற ரப்பர் சீலை மாத்துங்க. பொறவு தொண்ணூறு நம்பர் கியர் ஆயிலை மட்டும் ஊத்துங்க. கட்டி கிரீஸ் ஆகாதுங்கண்ணா. மரை சுத்தச் சுத்த அது பள்ளம் பறிச்சு ஒதுங்கிக்கும், பல்லு காஞ்சு போவும். சீலும் ஆயிலும் நானே வாங்கியாரட்டுங்களா?”

வாழ்நாளில் ஒருவரிடமும் வேண்டாம் என்று சொல்லாத அங்கப்பன் விறைத்துக்கொண்டு நின்றார். “எங்க வண்டியப் பத்தி எங்களுக்குத் தெரியும் தம்பி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

“அவுரு சொன்னதுதானுங்க செரி” என்றாள் சென்னியம்மாள். “ஓட்டைச் சட்டியில கொழம்பக் கெட்டியா வெச்சா ஓட்டை அடைஞ்சு போயிருமா?”

“உனக்குத் தெரியாது அம்மணி. அவன் கண்ணு பூராவும் பரிவட்டத்து மேல.”

“உங்க கண்ணு?”

அங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.

நோம்பியன்று விடியக் காலம் பவானிக்குக் கிளம்பினார்கள். கெட்ட கிரகம், போகும்போது ஸ்டீயரிங் வெண்ணெயாய்த் திரும்பியது. “பாத்தியா? சொந்தபந்தம் எல்லாரும் சேந்து ஊத்துனது” என்று அங்கப்பன் வழியெல்லாம் பீற்றிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்னியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூடுதுறையில் குடங்களை நிரப்பி ஏற்றும்போது லாரி நின்ற இடத்தில் எண்ணெய் குளமாய்க் கிடந்தது. நீலமாகக்கூட ஒரு கோடு ஓடியது. தண்ணியாக இருந்ததெல்லாம் தரைக்கு வந்துவிட்டது. பெட்டிக்குள் மிச்சம் இருந்தது தர்மகர்த்தாவின் கிரீஸ்தான். வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும் என்றாரே, அப்படியே நின்றது, மரையை அண்டாமல்.

திரும்பி வரும்போது சக்கரத்தைத் திருப்ப அங்கப்பனுக்கு நெஞ்சு வலித்தது. கோயில் வீதி முக்கில் மேளம் அடித்துக்கொண்டு ஊரே நின்றது. இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். ஒடித்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினார். உள்ளே ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்டு, அத்தோடு இறுகிப்போனது. பிரேக்கை அழுத்தி நிறுத்துவதற்குள் லாரி மாலையும் வேப்பிலையுமாக நேரே போய் ஒரு சோளத்தட்டுப் போருக்குள் முகத்தைப் புதைத்தது. போர் மோகன்குமாருடையது. தீர்த்தம் ஒரு சொட்டுச் சிந்தவில்லை, மானம்தான் போயிற்று.

ஓடி வந்து கதவைத் திறந்தவனும் மோகன்குமார்தான். “அடி கிடி பட்டுப்போச்சுங்களாண்ணா?” என்று கேட்டான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அங்கப்பனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குடங்கள் பிக்கப்புக்கு மாறின.

அதற்குள் எண்ணெய் கொடுத்தவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். “நம்முளது மட்டும் போட்டிருந்தா இப்பிடி ஆயிருக்குமா மச்சான்?” என்றான் சூலூர்க்காரன். மாப்பிள்ளை, எப்போதும் போலப் பத்தடி தள்ளி நின்றபடி, “நான் அனுப்புனதோட வேற எதையும் கலக்கக் கூடாது மாமா” என்றார். அரங்கசாமி பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, “நம்ம கிரீஸ் பாருங்க, இன்னும் ஒழுகல” என்று சந்தோசப்பட்டார்.

பிறகு அவர் அங்கப்பனின் தோளில் கை போட்டார். “ஏனுங்க அங்கப்பா, நீங்களும் எத்தனை காலந்தான் செரமப்படுவீங்க? அடுத்த நோம்பியில இருந்து தீர்த்தம் நம்ம மோகனே கொண்டாரட்டும். வண்டியும் புதுசு. நீங்க வேண்டாம்னா விட்டுப்போடலாமுங்க. உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?”

மேளக்காரன்கூட அடியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அங்கப்பன் வாயைத் திறந்தார். அந்த வராத சொல் தொண்டை வரைக்கும் வந்தது.

“சொல்லுங்க” என்று பல்லைக் கடித்தாள் சென்னியம்மாள். “அந்த ஒத்தை வார்த்தையச் சொல்லித் தொலைங்க.”

“அதுக்கென்னங்க” என்றார் அங்கப்பன். “உங்க இஷ்டமுங்க.”

பரிவட்டம் மோகன்குமார் தலையில் ஏறியது. “நல்ல மனுசனப்பா” என்று ஊர் அங்கப்பனைப் புகழ்ந்தது. அப்போதுதான் சென்னியம்மாள், தான் இத்தனை காலம் மனசுக்குள் வைத்திருந்த பெயரை மேளச் சத்தத்துக்கும் மேலே ஊர் கேட்கச் சொன்னாள். அங்கப்பன் அதையும் மறுக்கவில்லை.