மாரென் கேட்ட மன்னிப்பு

இனவெறி இல்லாத தாயாக ஆவதற்காக பிரிட்டா ஹால்வர்சன் பன்னிரண்டு புத்தகங்கள் வாங்கியிருந்தாள். ஒன்பதைப் படித்து முடித்திருந்தாள். ஒன்றைக் குளியல் தொட்டியில் தவறவிட்டு ஹீட்டர் மேல் காயப்போட்டிருந்தாள். எல்லாவற்றிலும் வண்ணச் சீட்டுகள் துருத்திக்கொண்டிருந்தன. பச்சை என்றால் மகளுக்குச் சொல்லித்தர வேண்டியது. மஞ்சள் என்றால் தான் செய்த தப்பு. மஞ்சள் தீர்ந்துபோய் இரண்டாவது கட்டு வாங்கியாயிற்று.

புதன்கிழமைதோறும் வாசிப்பு வட்டம். ஆறு பெண்கள். ஆறு பேரும் வெள்ளைக்காரர்கள், ஆறு பேரும் தெற்கு மினியாபோலிஸின் அதே நான்கு தெருக்கள். ஒவ்வொருத்தியும் அந்த வாரத்துத் தன் தப்பு ஒன்றைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது அங்கே விதி. முதல் மாதம் தப்புகளுக்குப் பஞ்சமில்லை. அப்புறம் கையிருப்பு குறைந்தது. கடைசியில் பிரிட்டா, கடையில் பில் போட்ட கருப்பினப் பெண்ணிடம் தேவைக்கு மேல் சிரித்துவிட்டதைச் சொல்லிச் சமாளித்தாள். எல்லோரும் கனத்த மனதோடு தலையாட்டினார்கள்.

ஒரே ஒரு தப்பை மட்டும் அவள் வட்டத்தில் சொல்லவில்லை. அதற்கு மஞ்சள் சீட்டும் இல்லை.

ஜனவரி மாதம் ஒரு மாலை டெனிஸ் பெட்வே தொலைபேசியில் கூப்பிட்டாள். டெனிஸ் கருப்பினத்தவள், மருந்துக்கடையில் மருந்தாளர். அவள் மகள் நைலாவும் பிரிட்டாவின் மகள் மாரெனும் இரண்டாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள். மாரெனுக்குத் தோழி என்று சொல்ல வேறு யாரும் கிடையாது.

"பிரிட்டா, ஒரு நிமிஷம் பேசலாமா? உங்க பொண்ணு தினமும் சாப்பாட்டு மேஜையில நைலாகிட்ட மன்னிப்புக் கேக்குறா."

"ஐயோ, எதுக்கு?"

"அடிமை முறைக்கு."

பிரிட்டா நின்ற இடத்திலேயே நாற்காலியைத் தேடினாள்.

"மொத நாள் நைலா 'பரவால்ல'ன்னுட்டா. மறுநாளும் 'பரவால்ல'ன்னா. இன்னிக்கு ஒன்பதாவது நாள். தினமும் அவ நூடுல்ஸ் ஆறிப்போகுது. இன்னிக்கு டீச்சர்கிட்ட சொல்லி எடத்த மாத்திக்கிட்டா. இனிமே மாரென் பக்கத்துல உக்கார மாட்டாளாம்."

விஷயம் இதுதான். ஏழாவது புத்தகத்தில் ஒரு பயிற்சி: இரவுச் சாப்பாட்டில் குழந்தையோடு வரலாற்றைப் பேசுங்கள். பிரிட்டா பேசினாள். நம் ஆட்கள் கருப்பினத்தவருக்குச் செய்த கொடுமைகளை எடுத்து வைத்தாள். கணவன் காரெட் மட்டும், "பீன்ஸ் முடியட்டுமே, அப்புறம் சொல்லலாமே" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தான். ஏழு வயது மாரென் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று புத்தகத்தில் இல்லை. அதை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

"நான் சரியாத்தானே சொன்னேன்?" தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மாரென் விம்மினாள். "நீ சொல்லிக்குடுத்ததத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன கண்ணு."

"அப்ப ஏம்மா அவ போயிட்டா?"

பிரிட்டாவிடம் ஒன்பது புத்தகங்களின் அறிவு இருந்தது. போர்வையை இழுத்து மகளின் தோளை மூடினாள்.

அந்த ஊரில் யாருக்கு என்ன ஆனாலும், சாவோ விவாகரத்தோ, மாரென் வகுப்பில் இன்னொரு பிள்ளையின் அம்மா கிறிஸ்டனுக்கு ஆன மாதிரி முழங்கால் ஆபரேஷனோ, பிரிட்டா ஒரு தட்டு எலுமிச்சை கேக்கைச் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்துக்கொண்டு போவாள். தட்டு திரும்பி வருவதற்காக அடியில் டேப் ஒட்டி, தன் பெயர் எழுதியிருக்கும். மறுநாளும் பழக்கதோஷத்தில் எலுமிச்சம்பழங்களை எடுத்தவள், என்னவோ யோசித்துத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தாள். கருப்பினத்தவர் வீடுகளில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்புதான் விசேஷம் என்று எங்கோ படித்திருந்தாள்; கடைக்குப் போய் அதை வாங்கி வந்தாள்.

"எலுமிச்ச தீந்துபோச்சா?" என்றான் காரெட்.

"இருக்கு. அவங்களுக்கு இதுதான் பிடிக்கும்."

"டெனிஸ் சொன்னாங்களா?"

அடுப்புக் கதவைப் பிரிட்டா கொஞ்சம் ஓங்கியே சாத்தினாள்.

டெனிஸின் வீடு ஊரின் வடக்குப் பக்கம், கருப்பினத்தவர் அதிகம் இருக்கும் பகுதி. காரில் பதினைந்து நிமிடம். ஒன்றரை வருடப் பழக்கத்தில் பிரிட்டா அங்கே போவது அதுதான் முதல் தடவை. போனில் வழி பார்த்துக்கொண்டு போனாள். பனி ஒதுக்கிய நடைபாதை, கதவில் ஒரு மாலை, பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவரின் கையசைப்பு. தன் தெரு மாதிரியே இருந்தது. அது அவளுக்கு நிம்மதியாக இல்லை.

"எதுக்கு இதெல்லாம்? வேண்டாம் பிரிட்டா," என்றாள் டெனிஸ் தட்டைப் பார்த்து.

அந்த ஊர் மரியாதைப்படி யாரும் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவைதான் வாங்கிக்கொள்வார்கள். பிரிட்டா உற்சாகமானாள்.

"சும்மா, சின்னதா ஒரு..."

"இல்ல, வேண்டாம்."

"ஒரு துண்டாவது எடுத்துக்கங்க!"

"மூணாவது தடவையும் வேண்டாம்னுதான் சொல்றேன். நானும் இந்த ஊர்ல பொறந்தவதான், எனக்கும் அந்தக் கணக்குத் தெரியும். உள்ள வாங்க, குளிருது."

சமையலறை மேஜையில் தட்டு நடுவில் உட்கார்ந்தது. டெனிஸ் மேலே மூடியிருந்த தாளை ஒரு ஓரம் தூக்கிப் பார்த்தாள்.

"கிறிஸ்டன் முழங்கால் ஆபரேஷனுக்கு என்ன கொண்டுபோனீங்க?"

"எலுமிச்ச கேக்."

"எனக்கு மட்டும் கிழங்கு." டெனிஸ் தாளை மூடினாள். "எனக்குக் கிழங்கே ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே."

பிரிட்டாவுக்குக் காது வரை சூடு ஏறியது. "டெனிஸ், என்ன மன்னிச்சிடுங்க. எங்க வரலாற்றுல..."

"நீங்களும் ஆரம்பிச்சிடாதீங்க." டெனிஸ் கையைத் தூக்கினாள். "உங்க பொண்ணு எட்டு நாளா பாடம் ஒப்பிச்சா. அதுக்கெல்லாம் நைலா எடம் மாறல. நேத்து ஒன்பதாவது நாள், அவ வேற ஒண்ணு சொல்லியிருக்கா. நீங்க கெளம்பி வந்ததால சொல்றேன்."

"என்ன சொன்னா?"

"'உன் பிறந்தநாளுக்கு நாங்க ஏரி வீட்டுக்குப் போகல. அம்மா பொய் சொன்னாங்க. உங்க பக்கம் வர பயமா இருக்குன்னு அப்பாகிட்ட சொன்னாங்க. அதுக்கும் சாரி.' அவ்வளவுதான்."

அக்டோபர் மாதம், அதே வடக்குப் பக்கத்தில், சக்கரக் காலணி மாட்டி ஓடுகிற அரங்கில் நைலாவின் பிறந்தநாள். பிரிட்டா செய்தி அனுப்பினாள்: 'அந்த வாரம் ஏரி வீட்டில் இருப்போம், ரொம்ப வருத்தம்!' மூன்று இதயங்கள் வேறு. அன்றைக்கு அவர்கள் கிறிஸ்டன் குடும்பத்தோடு பூசணித் தோட்டத்தில் இருந்தார்கள். அப்போதே நான்கு புத்தகம் படித்து முடித்திருந்தாள்.

"எட்டுப் பிள்ளைங்கள கூப்பிட்டோம். ரெண்டு வந்துச்சு," என்றாள் டெனிஸ். "ஏரிக்கரையில வீடு வச்சிருக்கவங்க நம்ம ஊர்ல இவ்வளவு பேருன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

சொல்வதற்கு அழகழகான வார்த்தைகள் பிரிட்டாவிடம் இருந்தன.

"ஆமா," என்றாள். "பொய்தான் சொன்னேன். பயமா இருக்குன்னு சொன்னதும் நெசம்."

கண்ணீர் முட்டியது. கருப்பினத்தவர் எதிரில் அழுது, அவர்களையே ஆறுதல் சொல்ல வைக்கக் கூடாது என்று நான்காம் புத்தகத்தில் இருந்தது. அவள் மேலே பார்த்தாள்.

"கூரையில ஒண்ணும் இல்ல, பிரிட்டா."

வாசல் வரை வந்த டெனிஸ் தட்டை அவள் கையில் திரும்ப வைத்தாள். "நைலாகிட்ட நீங்க பேச வேண்டாம். உங்க பொண்ணுகிட்ட பேசுங்க. சனிக்கிழம பதினோரு மணிக்கு நைலா அதே அரங்கத்துல இருப்பா. வந்தா வாங்க. அவ பேசுவான்னு நான் சொல்லல."

கிழங்கு கேக்கைக் காரெட் இரண்டு நாள் தின்றான். நல்லாத்தான் இருக்கு என்றான். அதற்கும் திட்டு வாங்கினான்.

டெனிஸின் வீட்டிலிருந்து திரும்பிய அன்று மாலையே பிரிட்டா மகளின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். புத்தகம் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

"நைலா பிறந்தநாளப்போ நான் பொய் சொன்னேன் கண்ணு. தப்பு. என் தப்பு. நீ செஞ்சதில்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்கிட்ட ஒண்ணுமே கேக்கல?"

மாரென் போர்வை நூலை இழுத்தாள். "நீ தினமும் பெரிய பெரிய தப்பாவே சொல்லிட்டிருந்தியா. இதுவும் அதுக்குள்ளதான் எங்கயாவது வரும்னு நெனச்சேன். வரவே இல்ல. அதான் நானே சொல்லிட்டேன்."

மகள் தூங்கிய பிறகு பிரிட்டா ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தாள். எந்தப் புத்தகத்தில் ஒட்டுவது? சமையலறை இழுப்பறையில் நைலாவின் அழைப்பிதழ் இன்னும் கிடந்தது, சக்கரக் காலணி படம் போட்டது. அதில் ஒட்டினாள்.

சனிக்கிழமை அரங்கில் நைலா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாரெனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னிக்கும் சாரி சொல்லப் போறியா?"

மாரென் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"மாட்டேன்."

"ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"பிறந்தநாளுக்கு வந்திருந்தா கத்துக்கிட்டிருப்ப," என்று சொல்லிவிட்டு நைலா வழுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிரிட்டா மடியில் தட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டெனிஸ் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். பிரிட்டா தயங்கித் தயங்கித் தட்டை நீட்டினாள். டெனிஸ் முதல் தடவையிலேயே ஒரு எலுமிச்சைச் சதுரத்தை எடுத்துக்கொண்டாள். இரண்டாவது, மூன்றாவது தடவைக்காகத் தயாராக வைத்திருந்த வசனங்கள் பிரிட்டாவுக்குத் தேவைப்படவே இல்லை.

"பசிக்குது," என்றாள் டெனிஸ் மென்றுகொண்டே. "அதுக்கு மேல ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

பிரிட்டா நினைத்துக்கொண்டாள். உடனே வெட்கப்பட்டாள்.

அரங்கில் மாரென் சுவரை விட்டு இரண்டடி வைத்துத் தொப்பென்று விழுந்தாள். பிரிட்டா பாதி எழுந்துவிட்டாள்.

"உக்காருங்க," என்றாள் டெனிஸ்.

உட்கார்ந்தாள். அந்தப் பக்கமாகச் சுற்றி வந்த நைலா விழுந்து கிடந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். கை கொடுக்கவில்லை. ஆனால் மாரென் தானாக எழுந்து நிற்கும் வரை அங்கேயே நின்றாள்.