முள்கம்பிக்கு இந்தப் பக்கம்

அன்று காலை நார்மா ஸ்கோக்ஸ்டாட் பயந்துகொண்டிருந்தது ராய்ஸ் டெல்வினுக்குத்தான். கரடி அவள் நினைப்பிலேயே இல்லை.

மொன்டானாவின் அந்த மலையடிவாரத்தில் நிலம் சதுரங்கப் பலகை மாதிரிக் கிடக்கும். ஒரு கட்டம் அரசாங்கத்துடையது. லைசென்ஸ் இருந்தால் யாரும் வேட்டையாடலாம். அடுத்த கட்டம் பண்ணை முதலாளியுடையது. கால் வைத்தால் வழக்கு. ஒரு அரசு நிலத்திலிருந்து அடுத்ததற்குப் போக, இரண்டின் மூலைகளும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒன்றுதான் வழி. அங்கே வேலிக்கு மேல் ஏணியைப் போட்டு, தனியார் மண்ணில் பாதம் படாமல் தாண்டுவார்கள். அது சட்டப்படி சரியா என்று வக்கீல்களுக்கே தெரியாது. பண்ணை மேனேஜர் ராய்ஸுக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. போன வருஷம் அப்படித் தாண்டிய ஒருவனைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தான்.

நார்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அவளும் தம்பி டேலும் ஏணியைப் போட்டுத் தாண்டியபோது ராய்ஸின் வண்டி எங்கேயும் தெரியவில்லை. மதியத்துக்குள் டேல் ஒரு எல்க் மானைச் சுட்டு வீழ்த்திவிட்டான். பெரிய ஆண்மான். ஒரு தொடையை அறுத்தெடுத்து, இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளியிருந்த மரத்தில் கட்டினார்கள். துப்பாக்கிகளும் கரடிக்கு அடிக்கிற மிளகு ஸ்ப்ரேயும் மான் பக்கத்திலேயே கிடந்தன. அங்கேதான் தப்புப் பண்ணினார்கள்.

திரும்பிப் பார்த்தபோது மானின் மேல் கிரிஸ்லி கரடி நின்றுகொண்டிருந்தது.

"ஓடாதக்கா. ஓடினா துரத்தும்," என்றான் டேல், உதடு அசையாமல்.

"யாருடா ஓடுறா? என் காலே எங்கிட்ட இல்ல."

கரடி பல்லை நறநறவென்று கடித்தது. பிறகு ஒரே பாய்ச்சல். பனித்தூள் தெறிக்க முன்னால் வந்து, சட்டென்று நின்றது. அதன் மூச்சிலிருந்த ரத்தவாடை நார்மாவின் முகத்தில் அடித்தது. இருவரும் முகத்தைத் திருப்பாமல் பின்னால் நகர்ந்தார்கள். அதுவும் நகர்ந்தது. ஏணி இருந்த மூலை கரடிக்கு அந்தப் பக்கம். இவர்கள் முதுகில் முள்கம்பி வந்து குத்தியது.

"அந்தப் பக்கம் பண்ணை நிலம்க்கா. லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

"உயிரைப் பிடுங்க இதோ ஒண்ணு நிக்குது. தாண்டுடா!"

தாண்டினார்கள். நார்மாவின் கோட்டு கிழிந்து, முழங்கையில் ரத்தம் வந்தது. புதர் மறைக்கும் வரை கரடியைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து, பிறகு வண்டித்தடம் ஒன்றைப் பிடித்தார்கள். வளைவில் ராய்ஸின் வண்டி வழியை மறித்து நின்றது. அவன் கையில் துப்பாக்கி. குழல் தரையைப் பார்த்திருந்தது. விரல் மட்டும் விசையின் மேல் இருந்தது.

"உள்ள வரக்கூடாதுன்னு போட்ட பலகை கண்ணுக்குத் தெரியலையா? வந்த வழியே திரும்புங்க."

"அங்க கரடி நிக்குது, ராய்ஸ்," என்றாள் நார்மா.

"எனக்கு வருஷத்துக்கு ஒரு கதை. போன தடவை வந்தவன் பொண்டாட்டிக்குப் பிரசவம்னான். அவனுக்குக் கல்யாணமே ஆகல."

"உங்க பொண்ணு கேஸியைத் தினமும் நான்தான் பஸ்ல கூட்டிட்டுப் போறேன். நான் பொய் சொல்றவளா?"

"பஸ்ல நீங்க டிரைவர்மா. இங்க அத்துமீறி நுழைஞ்சவங்க. திரும்புங்க."

துப்பாக்கி ஒரு விரற்கடை உயர்ந்தது. கரடி என்ன செய்யும் என்றாவது கொஞ்சம் ஊகிக்கலாம். பதறிப்போன மனிதன் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்? அவள் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சுடணும்னா சுட்டுக்கோங்க. நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்."

"அக்கா, எந்திரி," என்று டேல் அழுகிற குரலில் கெஞ்சினான்.

அப்போது மேலே வேலிக்கம்பி இழுபட்டு அலறியது. ஒரு கம்பம் முறியும் சத்தம். முகமெல்லாம் சிவப்பாக, கரடி சரிவில் இறங்கி வந்தது. அதற்கு அவசரமே இல்லை.

ராய்ஸின் முகம் வெளுத்துவிட்டது. "ஏறுங்க! சீக்கிரம்!" என்று கத்தினான். நார்மாவின் கையைப் பிடித்து இழுத்து வண்டிக்குள் தள்ளியவனே அவன்தான். சாவியைத் திருப்பினான், எஞ்சின் இருமிவிட்டு அணைந்தது. கரடி கதவோரமாக உரசிக்கொண்டு போனது. வண்டி ஒருமுறை ஆடியது. பிறகு எஞ்சின் பிடித்தது.

பண்ணை வாசலில் வண்டியை நிறுத்தி, அவன் போலீஸுக்குப் போன் போட்டான். நார்மாவால் நம்ப முடியவில்லை.

"வழியெல்லாம் முதலாளியோட கேமரா. உங்களை விட்டா என் வேலை போயிடும்மா," என்றான், ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி.

வழக்கு குளிர்காலம் முழுக்க இழுத்தது. பின்னாலிருந்து ஹார்ன் கேட்டால்கூட நார்மாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. கோர்ட்டில் ராய்ஸ் சாட்சி சொல்ல வந்தான். முதலாளியின் வக்கீல் முறைக்க முறைக்க, "கரடி இருந்தது உண்மைதாங்க. நானே பார்த்தேன்," என்றான். வழக்கு தள்ளுபடியானது. அந்த மாதமே அவன் வேலையும் போனது.

வசந்தத்தில் வனவிலங்குத் துறை ஒரு கூட்டம் போட்டது. வேட்டைக்காரர்கள் லைசென்ஸுக்குக் கட்டுகிற பணத்தில், அந்த அரசு நிலத்துக்குப் போக மறுபக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு நடைபாதையை வாங்கலாமா என்று கேட்டார்கள். அந்தப் பணம் விலங்குகளின் காட்டுக்கே போகட்டும் என்று சிலர் எதிர்த்தார்கள். நார்மா எழுந்து நடந்ததைச் சொன்னாள். "காடும் வேணும், அங்கிருந்து உயிரோட வெளியே வர ஒரு வழியும் வேணும்," என்று முடித்தாள். பாதை கிடைத்தது.

இலையுதிர் காலத்தில் அந்தப் பாதையின் முதல் நாள், இருவரும் புதிய கேட் வரைக்கும் போனார்கள். தூரத்தில் மரங்கள் கறுப்பாக நின்றன. வண்டியிலிருந்து நார்மாவின் கால் இறங்க மறுத்தது.

"பணம் கட்டி லைசென்ஸ் எடுத்துட்டு எதுக்குக்கா வண்டியிலயே உக்காந்திருக்க? அந்தப் பணத்துல கரடிக்கு ரேஷன் போடவா?" என்று சிரித்தான் டேல்.

"இருக்கட்டும்டா. அதுவும் அங்க இருக்கணும்ல. நீ போ. ஸ்ப்ரேயைக் கையிலயே வச்சுக்கோ."

அவன் கேட்டைத் தாண்டி மறைந்தான். நார்மா கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு தரம் பார்த்தாள்.