ஏழாம் எண் குழாய்

என் கருப்பையின் உள்படலத்தை நானே கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கியிருக்கிறேன். சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை.

ஆய்வகத்தில் என் வேலை, வரும் திசுவைத் தனித்தனிச் செல்லாகப் பிரிப்பது. கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலத்தைப் போன்ற ஒன்று வெளியே போய்ச் சினைப்பையிலும் குடலிலும் ஒட்டி வளர்ந்து ஆளைப் புரட்டிப் போடும் நோய் ஒன்று உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். என் தங்கைக்கு அதுதான் என்று கண்டுபிடிக்க ஒன்பது வருடம் ஆனது. அந்த ஒன்பது வருடமும் "பொண்ணாப் பொறந்தா இதெல்லாம் சகஜம்டி, பல்லைக் கடிச்சுக்கோ" என்று அவளுக்கு உபதேசம் செய்ததில் அம்மாவுக்கு அடுத்தபடி நான்தான்.

நோயுள்ள பெண்களின் கருப்பைப் படலத்தில் நோய் எதிர்ப்புச் செல்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது எங்கள் ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் திசுவும் வேண்டும். ஒரு குறையும் இல்லாதவள் எதற்காக வந்து திசு எடுக்கும் மேசையில் படுப்பாள்? ஆள் கிடைக்காமல் திண்டாடிய ஒரு நாள் நானே திசு கொடுக்கக் கிளினிக்குக்குப் போனேன். படிவத்தில் 'மாதவிடாய் வலி உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். எனக்கு முந்திப் போய்த் திரைக்குப் பின்னே படுத்திருந்த பெண் ஒரு முறை கத்திவிட்டு, "சத்தம் போட்டுட்டேன் சிஸ்டர், மன்னிச்சுக்கங்க" என்றாள். அவளுக்கு ஆறாம் எண், எனக்கு ஏழு. என் முறையும் முடிந்ததும் கொஞ்ச நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஆய்வகத்துக்கு நடந்து போய் அன்று வந்த நான்கு குழாய்களின் திசுவையும் நறுக்கிப் பிரித்தேன். எது யாருடையது என்று பிரிப்பவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. எனக்கு இரண்டு தெரியும்.

வெதுவெதுப்பான என்சைம் நீரில் ஏழாம் குழாய்த் திசு மெல்லக் கலைந்தது. ஒரு சொட்டு எடுத்து நீலச் சாயம் கலந்து நுண்ணோக்கியில் வைத்தேன். செத்த செல்தான் சாயத்தைக் குடிக்கும். உயிருள்ளவை பளிச்சென்று நிற்கும். நின்றன, நூற்றுக்கணக்கில். "இதெல்லாம் நானா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். மாதாமாதம் இடிந்து விழுந்து, ஒரு தழும்புகூட இல்லாமல் மறுபடி எழும்பும் படலம் அது. அதில் காவல் இருக்கும் செல்களில் ஒரு வகைக்கு 'இயற்கைக் கொல்லி' என்று பெயர். ஆனால் இங்கே அவை கொல்லுவதை விட்டுவிட்டு, ரத்தக்குழாய் அமைக்கக் கைகொடுக்கின்றன. பெயர் வைத்தவர் ரொம்ப அவசரப்பட்டுவிட்டார்.

நான்கு மாதம் கழித்து வரைபடம் வந்தது. அதை வரைபவரைப் புள்ளிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு புள்ளி ஒரு செல். எந்த மரபணுக்கள் அதில் விழித்திருந்தன என்பதை வைத்து அதற்கு இடம் அமையும். எல்லாக் குழாய்களிலிருந்தும் நாற்பதாயிரம் புள்ளிகள் இனம் இனமாகக் கூடித் திரையை நிறைத்திருந்தன. எனக்குக் கை ரோமம் சிலிர்த்தது. அரிசிமணி அளவு திசுத் துணுக்குகளுக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்களே!

"மேடம், ஏழு எங்க நிக்குது பாருங்க," என்றார் புள்ளிக்காரர். "நோயில்லாத பக்கம் இருக்கணும். எதிர்ப்புச் செல்லெல்லாம் அப்படியே நோயுள்ளவங்க பக்கம் போய் நிக்குது."

ஆய்வை நடத்தும் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "குழாய் மாறியிருக்கு. அன்னிக்கு வந்த நாலையும் தூக்கிப் போட்டுடுங்க. இனி எதை நம்புறது?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பதினோரு வருடத்தில் ஒரு மூடியைக்கூட மாற்றிப் போட்டவள் இல்லை நான். ஆறாம் எண் பெண் கத்தியதும் மன்னிப்புக் கேட்டதும் குப்பைக்கா போக வேண்டும்? ஆனால் வாயைத் திறந்தால் என் வேலை போகலாம். அதைவிட, குழாய் மாறவில்லை என்றால் அந்தப் புள்ளிகள் என்னைப் பற்றிச் சொல்வது உண்மையாகிவிடும்.

"குழாய் மாறல மேடம். ஏழு நான்தான்."

புள்ளிக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"உனக்கு வலி உண்டா?" என்றார் பேராசிரியை.

"எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதான்."

"எல்லாரைப் பத்தியும் நான் கேக்கல. அந்த நாள்ல நீ என்ன பண்ணுவ?"

"மாத்திரை போட்டுக்குவேன். குழாயைச் சுழற்றுற மெஷின் ஓடுற பத்து நிமிஷம் ஸ்டோர் ரூம் தரையில சுருண்டு படுத்துக்குவேன். அது நின்னதும் எழுந்து வந்துடுவேன்."

"எத்தனை வருஷமா?"

"பதினாலு வயசுலேர்ந்து."

சொல்லிவிட்டு அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போல் இருபது வருடம் மறைத்திருக்கிறேன், என்னிடமிருந்தே. என் செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கேட்டதும் அத்தனையும் சொல்லிவிட்டன. திரையில் என் புள்ளிகளைப் பார்க்கப் பார்க்கக் கும்பிடத் தோன்றியது.

பேராசிரியை விட்டுவிடவில்லை. "விதியை மீறினதுக்கு விளக்கம் எழுதிக் கொடு. நாளைக்கே டாக்டரைப் பாரு. புள்ளியை வச்சு நோய்னு சொல்லிட முடியாது, அவங்கதான் சொல்லணும்." என் கன்னத்தின் உள்ளே துடைத்த பஞ்சிலிருந்து எடுத்த மரபணுவும் ஏழாம் எண்ணும் ஒத்துப்போயின. நான்கு பேரின் திசுவும் பிழைத்தது.

அதோடு முடியவில்லை. 'வலி இல்லை' என்று எழுதிய மற்ற ஐந்து பேரையும் மறுபடி கேட்க அனுமதி வாங்கினார் பேராசிரியை. கேள்வி மட்டும் மாறியது: 'அந்த நாட்களில் என்ன செய்வீர்கள்?' கிளினிக் செவிலியர்தான் தொலைபேசியில் பேசினார். பெயர் சொல்லாமல், முதல் பெண்ணின் பதிலை மட்டும் எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். ரெண்டு நாளைக்கு எழுந்து நிக்க முடியாது, அவ்வளவுதான்."