வாயை மூடி எடுத்த அச்சு

டிரம்ஸ்காரரின் காதிரைச்சல் மற்றவர்களுக்கும் கேட்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முதலில் கேட்டவள் கீழ்வீட்டுக்காரி. கெட்டிலில் தண்ணீர் கொதித்து விசிலடிக்கிறது என்று நினைத்துச் சமையலறைக்கு ஓடினாள், அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. சத்தம் மாடியிலிருந்து வந்தது. மாடியில் டிரம்ஸ்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு காதுகளிலிருந்தும் கீ என்று ஒரே சீராகச் சத்தம் வெளியே வந்துகொண்டிருந்தது. அன்று பால் விலை ஏறியிருந்ததால் தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேடையில் வாசிப்பவர்களுக்குத் தாங்கள் வாசிப்பதே கேட்காது என்பதால், அவரவர் காலடியில் பெரிய பெரிய ஸ்பீக்கர்களைச் சாய்த்து வைப்பது அந்தக் காலத்து வழக்கம். பாடகர் தன் குரலைக் கூட்டச் சொல்வார். அது கூடியதும் கிட்டார்காரர் தன்னுடையதைக் கூட்டச் சொல்வார். சவுண்ட்காரர் நல்ல மனுஷன், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து வருஷக்கணக்காக வாசித்தவரின் காதுக்குள் இரைச்சல் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது. உள்ளே போனது ஒருநாள் வெளியே வரத்தானே வேண்டும் என்றார்கள் தெருக்காரர்கள். காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தன் காதைப் பொத்திக்கொண்டே, இதற்கு மருந்து கிடையாது என்றார். கிட்டார்காரர் மட்டும் அந்தச் சத்தத்தை வைத்துத் தன் கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டார்.

அப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் அவருக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவரை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாகத்தான் குழந்தையைப் பார்த்தார். குழந்தை டாக்டர் வெளியே வந்து, கொஞ்சம் தள்ளி நின்றபடி, “இந்தச் சத்தத்துல வளந்தா பாப்பாவுக்கு ஒரு வருஷத்துல காது போயிடும். யோசிச்சுக்கங்க” என்றார். மகளுக்குப் பெயரை டிரம்ஸ்காரர் முன்பே யோசித்து வைத்திருந்தார். பக்கத்தில் நின்று, தன் வாயால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவள் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் அவர் எதற்கும் ஆசைப்படவில்லை.

அப்போது நகரத்தில் காதுக்கு அச்சு எடுக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். காது கேளாதவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவிக்குக் காதளவில் அடைப்பான் செய்து தருகிற அம்மாள். டிரம்ஸ்காரரின் காதுக்குள் நூல் கட்டிய பஞ்சுருண்டையை வைத்து, அதன் மேல் ரோஸ் நிறப் பசையைப் பிதுக்கிவிட்டு, “வாயை மூடிட்டு ஆடாம உக்காருங்க, அஞ்சு நிமிஷம்” என்றார். பசை இறுகிய பின் உருவி எடுத்து, அதே வடிவத்தில் இரண்டு அடைப்பான்கள் வார்த்துக் கொடுத்தார். மாட்டியதும் சத்தம் நின்றது. அச்சுக்காரம்மாவின் மேஜை மேலிருந்த கடிகாரம் ஓடுவது எல்லோருக்கும் கேட்டது.

மனைவி குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று, அவர் மகளைக் கைகளில் வாங்கிக்கொண்டார். முகத்தருகே குனிந்து, பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த மாத்திரத்தில் சத்தம் இரண்டு காதோரமும் பீறிட்டுக்கொண்டு வந்தது. குழந்தை வீறிட்டது. வாயை மூடினார், சத்தம் அடங்கியது. மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டு, “வேணாங்க, எதுவும் பேசாதீங்க” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழுதாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும். வாயைத் திறந்தால் தாடை எலும்பு நகரும், அது நகர்ந்தால் காதுத் துளையின் வடிவம் மாறும், வடிவம் மாறினால் அடைப்பான் தளர்ந்து இடைவெளி விழும். அந்த அம்மாளுக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அவரிடம் வந்தவர்கள் எல்லோரும் வயதானவர்கள். வீட்டில் அவர்களோடு யாரும் பேசுவதில்லை, அவர்களும் யாரோடும் பேசுவதில்லை, அதனால் யாருடைய அடைப்பானும் தளர்ந்ததில்லை. பற்களுக்கிடையே மரக்கட்டையைக் கடிக்கச் சொல்லி, வாயைத் திறந்தபடி இன்னொரு ஜோடி செய்து பார்த்தார். அது வாய் திறந்திருக்கும்போது அடைத்தது, மூடினால் கசிந்தது. பேச்சு என்றால் திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும். இரண்டுக்கும் பொருந்துகிற அடைப்பானை அவரால் கடைசிவரை செய்ய முடியவில்லை.

டிரம்ஸ்காரர் முதல் ஜோடியையே மாட்டிக்கொண்டு பேச்சை நிறுத்தினார். மென்றாலும் தாடை அசையும் என்பதால் மொட்டை மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று தெருவில் கேலி பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்ன.

அடைப்பானோடு மேடையேறியவருக்குப் பாட்டு ஒன்றும் கேட்கவில்லை. சவுண்ட்காரர்தான் அதில் துளை போட்டு, காதுக் கருவியிலிருந்து எடுத்த அரிசியளவு ஸ்பீக்கரை உள்ளே வைத்து, ஒயர் இழுத்துக் கொடுத்தார். முதலில் பேச்சுக் குரல் மாதிரி நடுச் சத்தம் மட்டும்தான் வந்தது, கனத்து முழங்கும் அடிச் சத்தம் இல்லை. “பாட்டுக்கு வயிறே இல்லடா” என்று புலம்பிய சவுண்ட்காரர், அடிச் சத்தத்துக்குத் தனியாக இன்னொன்றை வைத்தார். அது வந்துவிட்டது. காலடி ஸ்பீக்கர்களை அணைத்தார்கள். தாளத்தட்டில் குச்சி பட்ட பிறகு எழும் சன்னமான அதிர்வைக்கூட, சத்தத்தைக் கூட்டாமலே, டிரம்ஸ்காரர் கேட்டார். அப்புறமென்ன, பாடகருக்கும் ஒன்று வேண்டுமென்று ஆகிவிட்டது. பாட வாயைத் திறந்தால் முதலில் அடிச் சத்தம் ஓடிப்போகிறது என்று பாடகர்கள் குறை சொன்னபோது, அச்சுக்காரம்மா வாயைத் திறந்தபடியே அச்சு எடுக்க மரக்கட்டையை எடுத்துவந்தார். டிரம்ஸ்காரருக்கு உதவாத அந்தக் கட்டையால் உலகத்துப் பாடகர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். சில வருஷங்களில் பஸ்ஸில் போகிறவர்கள் காதிலெல்லாம் அந்த அடைப்பான் இயர்போன் என்ற பெயரில் ஏறிவிட்டது.

மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, “அப்பா, ஒரே ஒரு தடவை என் பேர் சொல்லுங்கப்பா” என்று கேட்டாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். “உனக்குக் காது வேணுமா, கூப்பிடறது வேணுமா?” என்று அம்மாதான் அதட்டினாள். மகள் யோசித்துப் பார்த்துவிட்டு மடியிலிருந்து இறங்கினாள், அப்புறம் கேட்கவில்லை. இதற்குள் இரைச்சலும் வளர்ந்துவிட்டது. அவர் கொட்டாவி விட்டால் அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் விரிசல் விட்டன. மனைவிக்குப் பறவைச் சத்தம் கேட்காமல் போய் நாளாகியிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அப்படிக் காப்பாற்றிய காது வீண்போகவில்லை. மகளுக்கு இயர்போன் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது, ஒவ்வொரு மாதிரியையும் கேட்டுப் பார்த்து ஒலி எப்படி இருக்கிறது என்று சொல்லும் வேலை. பாடகி பாடுவதற்கு முன் மூச்சிழுப்பதும், பாட்டுப் பதிவான அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தியதும் அவளுக்குக் கேட்கும். அவளைப் போல் ஒரு காதைக் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை. வீட்டிலேயே, ஜன்னலைப் பார்த்தபடி மேஜையில் உட்கார்ந்து, இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள். இயர்போனைக் காதில் மாட்டினால் வெளிச்சத்தம் ஊசிமுனையளவும் உள்ளே போகாது.

இந்த விஷயம் டிரம்ஸ்காரருக்கு ஒருநாள் உறைத்தது. அவள் காதை அடைத்திருக்கும்போது அவர் வாயைத் திறந்தால் அவளுக்கு ஆபத்தில்லை. அவளுடைய பழைய ஜோடி ஒன்றை மனைவியின் காதில் மாட்டிவிட்டு, மகளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இத்தனை வருஷம் கழித்து வந்த குரல் கரகரவென்றிருந்தது. இரைச்சல் அதைச் சுற்றிக்கொண்டு வீட்டை நிறைத்து, ஜன்னல் வழியாகத் தெருவில் இறங்கியது. மகள் திரும்பவில்லை. ஒரு பாட்டில் அடிச் சத்தம் கொஞ்சம் தூக்கல் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் கூப்பிடுகிறார். அவளுக்குக் கேட்கிற நேரத்தில் கூப்பிட முடியாது, கூப்பிட முடிகிற நேரத்தில் அவளுக்குக் கேட்காது. மனைவி அறைவாசலில் நின்று மகளின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டு முடித்து வாயை மூடியதும் அவர் மனைவியை ஏறிட்டுப் பார்ப்பார். “இல்லங்க, திரும்பல” என்பாள். ஆரம்பத்தில் “நாளைக்குப் பாக்கலாம்” என்றும் சேர்த்துச் சொல்வாள். இப்போது அதைச் சொல்வதில்லை.

தெருவில் எல்லோருக்கும் அந்தப் பெயர் மனப்பாடம். பேசப் பழகும் குழந்தைகள்கூட முதலில் அதைத்தான் சொல்கின்றன. மாலையில் சத்தம் கேட்டதும் கீழ்வீட்டுக்காரி, “கூப்பிடறாரு” என்று சொல்லிவிட்டு எழுந்து ஜன்னலைச் சாத்துகிறாள்.