இடப்பக்கம் இழுக்கும் வண்டி

ரேஸ் வண்டிக்குப் பவர் ஸ்டீயரிங் கேட்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக் கொடு என்று கேட்கிற வளர்ந்த ஆளைப் பார்ப்பதுபோல இருக்கும். கொச்சி மட்டாஞ்சேரியில் நாணு சேட்டனின் ஒர்க்‌ஷாப்பில் பத்தொன்பது வருடமாக ஸ்டீயரிங் வேலை பார்க்கிறேன். சுடலைமணி என்றால் யாருக்கும் தெரியாது. ஸ்டீயரிங் மணி என்றால் கலூர் வரைக்கும் தெரியும். முன்பு வந்தவர்கள் வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும் என்பார்கள். இப்போது வருகிறவனுக்கு ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கைச் சுற்றி வீடியோ போட வேண்டும். பழைய ஜீப்பில் மின்சார மோட்டாரை மாட்டிக் கொடுத்தால், அதை ஓட்டிக்கொண்டு போர்ட் கொச்சிக்கு ஐஸ்கிரீம் தின்னப் போவான்.

ஸுப்ரியா வந்தபோதும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். பக்கத்தில் தேவராவில் வீடு, இருபத்தாறு வயது இருக்கும். வலது மணிக்கட்டில் நீளமாக ஒரு தையல் தழும்பு. போன வருடம் பந்தயத்தில் வண்டி கவிழ்ந்து எலும்பு உடைந்து, உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்களாம். அவள் கொண்டுவந்த சிவப்பு வண்டி அவளுடையது அல்ல. கோயம்புத்தூரில் ஆனந்தகுமார் என்பவர் நடத்தும் டீமின் வண்டி. ஞாயிற்றுக்கிழமை அங்கே பந்தயம். அதில் அவள் ஓட்டிவிட்டால் இந்த வருடம் முழுக்க அந்த சீட்டு அவளுக்கு. ஓட்டாவிட்டால் ஆனந்தகுமாரின் மச்சான் மகன் அருண்பாண்டிக்குப் போய்விடும்.

"டாக்டர் ஓட்டலாம்னுட்டார், மணியண்ணா. இறுக்கமான ஸ்டீயரிங் மட்டும் கூடாதாம்" என்றாள்.

"கை சரியில்லன்னா வீட்டுல இருக்கலாமேம்மா" என்றேன்.

"இருக்கலாம். போரடிக்குமே" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தேன். அடிபட்டு உடைக்க வந்த ஒரு சின்னக் காரிலிருந்து மோட்டாரோடு ஸ்டீயரிங் தண்டைக் கழற்றி, அளவாக வெட்டி, பற்றவைத்து இதில் பொருத்தினேன். நம் கை ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் முறுக்குகிறது என்று உள்ளே ஒரு சென்சார் பார்க்கும். அந்தப் பக்கமே மோட்டார் தள்ளிக்கொடுக்கும். கை படாத நிலை எது என்பதை முதலில் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சக்கரம் நேராகத் தரையில் நிற்கும்போது மோட்டாரோடு வரும் கன்ட்ரோல் பெட்டியில் உள்ள பட்டனைப் பத்து நொடி அழுத்தினால் போதும், அதுதான் ஸீரோ. இதைச் சொல்வதற்குப் பெட்டி செய்த கம்பெனிக்காரன் நாலு பக்கத்துக்கு ஒரு பேப்பர் அடித்து உள்ளே வைத்திருந்தான். அதை மடித்து ஆயில் டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

திங்கட்கிழமை மதியம் ஸீரோ வைத்தேன். சீட்டில் அவளுடைய ஹெல்மெட் கிடந்தது. அதை எடுத்து எட்டின இடத்தில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து நாணு சேட்டன் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு நட்டைக் கழற்றினாலும் அவர் அதை ஸ்டேட்டஸில் போட வேண்டும். "மணி, ஒரு போஸ் கொடுக்கு!" என்றார். ஒரு விரலைப் பட்டனில் வைத்து, மறு கையைக் கல்யாண வீட்டு மாப்பிள்ளைபோல உயர்த்திக் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வண்டியை வெல்லிங்டன் தீவு வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இடப்பக்கம் இழுக்கறது, மணியண்ணா."

"ரோடு இடப்பக்கம் சரிஞ்சிருக்கும்மா."

"ரோடு நடுவுல போய் ரெண்டு கையையும் விட்டுப் பாத்தேன். அப்பவும் இழுக்கறது."

"கைய விட்டா எந்த வண்டிதான் நேரா போகும்?"

டயர் காற்றையும் சக்கரக் கோணத்தையும் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன. வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. என் வேலையை நானே சந்தேகப்படுவதா? அதுவும் இவள் சொல்லி?

புதன்கிழமை மறுபடி வந்து நின்றாள். அன்று எனக்கு வாய் நிற்கவில்லை.

"வண்டியில குத்தம் இல்லம்மா. ஒங்க இடது கை இழுக்குது, வலது கை தாங்க மாட்டேங்குது. மோட்டாரு அதத்தான் காட்டுது. இதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

அவள் வலது கையை முகத்துக்கு நேரே பிடித்து விரல்களை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பிறகு சாவியையும் ஹெல்மெட்டையும் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் ஆனந்தகுமார் போன் செய்தார். வண்டி எப்படி என்று கேட்டார். "வண்டி தங்கம் சார். கை போனவங்களுக்கு ஸ்டீயரிங் எதுக்கு? ஓரமா ஒரு ஸ்டூல் போட்டு கொடி ஆட்ட வைங்க" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் ஸுப்ரியா பந்தயத்திலிருந்து தானே விலகிக்கொண்டுவிட்டாள் என்று தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வண்டியை ஏற்றிப்போக லாரி வரும் என்றார்கள். உண்மையைச் சொன்னால், எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சாயா குடித்துக்கொண்டே போனைப் பார்த்தேன். "இன்று டெலிவரி" என்று நாணு சேட்டன் திங்கட்கிழமை எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். பட்டனில் என் விரல். காற்றில் என் கை. என் இளிப்பு. ஸ்டீயரிங்கின் வலதுபக்கக் கம்பியில், வாரால் மாட்டிய ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றரைக் கிலோ இருக்கும் அந்த ஹெல்மெட். அது வலப்பக்கமாக ஸ்டீயரிங்கை முறுக்கிக்கொண்டிருந்ததைத்தான் கை படாத நிலை என்று நான் அந்தப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஹெல்மெட்டை எடுத்ததும், யாரோ இடப்பக்கம் முறுக்குகிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டது. அந்த நொடியிலிருந்து இடப்பக்கமே தள்ளிக்கொண்டிருக்கிறது.

சாயாவை வைத்துவிட்டு முதல் தடவையாக அந்த வண்டியை எடுத்தேன். தோப்பும்படி பாலம் வருவதற்குள் தெரிந்துவிட்டது. கடைக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுக்கிற குழந்தைபோல, விடாமல் இடப்பக்கம் இழுத்தது. அதை உணர ரேஸ் ஓட்டியிருக்க வேண்டாம், ஸ்டீயரிங் மணியாகவும் இருக்க வேண்டாம்.

திரும்பி வந்து பட்டனில் விரலை வைத்தேன். பத்து நொடிதான். பிறகு யாருக்கும் தெரியாது. அருண்பாண்டி வந்து ஓட்டுவான், வண்டி தங்கம் என்பான், என் பெயர் கோயம்புத்தூர் வரை போகும். அழுத்தத்தான் நினைத்தேன். அவள் விரல்களை மூடித் திறந்து பார்த்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. மாதக்கணக்காகத் தேறிவந்த கையை, அவளையே சந்தேகப்பட வைத்துவிட்டேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன்.

ஆட்டோவில் வந்தாள். போட்டோவைக் காட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போனில் ஆனந்தகுமாரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் முன்னால் நீட்டினாள்.

"சொல்லுங்கோ."

"சார், மணி பேசறேன். வண்டி இழுத்தது என் தப்பு சார். அவங்க கையில ஒண்ணுமில்ல."

 ஆனந்தகுமார் சிரித்தார்.

"ஏனுங்க மணி, அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னு அழுகுதுங்களா? பாவம்னு பேசறீங்களாக்கும்? நீங்கதானுங்க சொன்னீங்க, கை போனவங்களுக்கு ஸ்டீயரிங் எதுக்கு, ஸ்டூல் போட்டுக் கொடி ஆட்ட வைங்கன்னு. நானும் அதைப் பத்துப் பேர்த்துகிட்டச் சொல்லிச் சிரிச்சுட்டனுங்க."

"இல்ல சார், நெசமாவே..."

"விடுங்க மணி. உங்க வேலைல தப்பு வராதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" போனை வைத்துவிட்டார்.

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கேலியாகச் சொன்னதை அந்த ஆள் வேதமாக எடுத்துக்கொண்டான். உண்மையைச் சொன்னால் நம்பவில்லை.

ஸுப்ரியா அழவில்லை. மேசைமேல் இருந்த ஹெல்மெட்டை எடுத்து, போட்டோவைப் பார்த்து, அதே கம்பியில் அதே மாதிரி மாட்டினாள்.

"மறுபடியும் பண்ணுங்கோ, அன்னிக்குப் பண்ணின மாதிரியே. நான் வீடியோ எடுக்கறேன்."

"மொதல்லயே அப்படித்தான்மா இருக்கு, இன்னொரு தடவ எதுக்கு..."

"அவர் பாக்கணும். போஸும் கொடுங்கோ."

பட்டனை அழுத்தினேன். மறு கையை உயர்த்தினேன். பத்து நொடி அத்தனை நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாணு சேட்டன் அலுவல் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், போனை வெளியே எடுக்கவே இல்லை. பிறகு ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னாள். கழற்றிவிட்டு விலகினேன். ஸ்டீயரிங் தானாக அசைந்து, யார் கையும் படாமல், இடப்பக்கமாக முழுசாகத் திரும்பிக்கொண்டு போய் நின்றது.

"மணியண்ணா, இதுல என் கை எங்க இருக்கு?"

"இல்லம்மா."

"என்னைப் பாத்து வேண்டாம். கேமராவைப் பாத்துச் சொல்லுங்கோ."

கேமராவைப் பார்த்துச் சொன்னேன். "அவங்க கையில குத்தம் இல்ல. என் வேலையிலதான் குத்தம். கொடி ஆட்டறதப் பத்தி நான் சொன்னதும் தப்பு." கடைசி வரியை அவள் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

வீடியோ போய்க் கால் மணி நேரம் கழித்து ஆனந்தகுமாரிடமிருந்து பதில் வந்தது. அருண்பாண்டி பெயரை இன்னும் எழுதிக் கொடுக்கவில்லையாம், அவளே ஓட்டட்டுமாம். எனக்கு ஒரு வரிகூட இல்லை.

ஜாக்கியை இறக்கிச் சக்கரத்தை நேராக்கினேன். ஸீரோ வைக்க வண்டிக்குள் குனிந்தபோது ஸுப்ரியா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"நீங்க வேண்டாம். அந்தப் பேப்பரை எடுங்கோ."

ஆயில் டப்பாவை நகர்த்திப் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய் வட்டம் பட்டிருந்தது. அவள் சீட்டில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாலு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். அதுவரை நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். படித்து முடித்து, தழும்பு இருந்த கையைப் பட்டனில் வைத்தாள்.

"வண்டியை விட்டுக் கையை எடுங்கோ" என்றாள்.

எடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."