சவரிராயனின் இடது கை

1953 ஆகஸ்ட் 14, வெள்ளி. நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. பயிற்சிச் சண்டையில் மோகனரங்கத்தை அப்பாவிடம் பயிலும் சிக்கந்தர் வலது கையால் வீழ்த்தினான் என்று எழுதியிருக்கிறேன், வீழ்த்தியது இடது கை. எதிரே நின்று பார்க்கிறவளுக்கு இடமும் வலமும் மாறித் தெரியும் என்று சாக்குச் சொல்லலாம், ஆனால் நான் பக்கவாட்டில்தான் நின்றிருந்தேன், அது நானே துணி சுற்றிக் கட்டிவிட்ட கை, ஆகவே பிழை பிழைதான், திருத்திக்கொள்கிறேன், இடது.

அந்தக் கை இன்னும் காற்றில் நிற்கிறது, முழங்கை மடங்காமல், கையுறையின் நுனியில் வியர்வை ஒரு சொட்டாகத் தொங்க, அதற்குக் கீழே மோகனரங்கம் கால்களை அகட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறான், வலி அவன் முகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை, வந்திருப்பது வேறொன்று, பந்தியில் யாரோ இடது கையால் சோறு பரிமாறிவிட்டதைப் போன்ற ஒரு திகைப்பு, பாலக்கரையில் எங்கள் தகரக் கொட்டகைக்குள் அத்தனை பேரும் அந்தக் கையையே பார்க்கிறார்கள், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து குத்துச்சண்டைச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கும் சுபேதார் ராஜமன்னார், விழுந்தவனுக்கு அவர் தாய்மாமன், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, யோவ் சவரி, என்னய்யா இது, நொட்டாங்கையால அடிச்சுச் சாய்க்கிறான், இதத்தான் சொல்லிக் குடுத்து வச்சிருக்கியா, என்று கேட்கிறார், யாருக்கும் வாய் அடங்காத என் அப்பா சவரிராயன் மேடைக் கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்க்கிறார், எங்கள் ஊர்ப் பக்கம் இடது கையால் தொட்டுப் பார்க்கலாம், தட்டிவிடலாம், முகத்தை மறைத்துக்கொள்ளலாம், ஆளை விழவைக்கிற அடி மட்டும் வலது கையிலிருந்துதான் வர வேண்டும், இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் கழுவுகிற கையால் சாய்க்கப்பட்டவன் அடியை மறந்தாலும் கையை மறப்பதில்லை.

அப்பாவும் இடது கைக்காரர்தான், இதை வெளியே யாரும் அறியமாட்டார்கள், நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த வயதில், கிடங்குக்குப் பின்னால், பெயரும் பாஷையும் தெரியாத ஒரு கப்பலாள் விளையாட்டாகக் கையை உயர்த்த, இவரும் உயர்த்த, அப்படித்தான் ஆரம்பித்தது, பிறகு ஒரு சர்க்கஸ் வந்தது, கூடாரத்தில் எங்கள் ஆளோடு மூன்று சுற்று நின்று காட்டுகிறவருக்குப் பரிசு என்று தமுக்கடித்தார்கள், அப்பா நின்று காட்டவில்லை, அந்த ஆளைப் படுக்க வைத்தார், மறுநாளிலிருந்து அவரே கூடாரத்து ஆள், கூடாரம் கொழும்புக்குப் போனபோது கூடவே போனார், அங்கே பெரேரா என்று ஒரு பயிற்சியாளர், அந்தக் கையோடு நீ மேடை ஏறினால் உன்னோடு மோத எவனும் வரமாட்டான் என்று சொல்லி இடது கையை இடுப்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிட்டார், கட்டிய கையோடு ஓடினார், கட்டிய கையோடு மணல் மூட்டையைக் குத்தினார், கட்டிய கையோடு தூங்கினார், கயிறு அவிழ்ந்தபோது இடது கை மெலிந்து ஒரு விருந்தாளியைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது என்று அப்பா சொல்வார், சிரித்துக்கொண்டே சொல்வார், அப்புறம் பத்து வருஷம் வலது கை, கொழும்பு, பினாங்கு, ரங்கூன், நாகை சவரி என்று சுவரெல்லாம் நோட்டீசு, அந்தப் பத்து வருஷத்தில் வலது கை முட்டி உடைந்து, கோணலாகக் கூடி, மறுபடி உடைந்து, இன்று அந்தக் கையால் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட வராது, அதனால்தான் சிறு வயதிலிருந்தே கொட்டகையில் எல்லாருக்கும் கையில் துணி சுற்றுகிற வேலை என்னுடையது.

ரங்கூனைப் பற்றி மட்டும் அப்பா சிரித்துக்கொண்டு சொன்னதில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும், அதைக் கேட்டதிலிருந்து நான் அங்கே போய்வந்தபடியே இருக்கிறேன், அப்போது நான் பிறக்கவில்லை, அம்மாவுக்கு அப்பாவை இன்னும் தெரியாது, ஆனாலும் நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், மேடைக்கு மேலே வரிசையாகக் கியாஸ் விளக்குகள், மர வியாபாரி ஒருவரின் செல்லப் பிள்ளை அப்பாவின் பொட்டில் ஓங்கிக் குத்துகிறான், அப்பாவுக்குக் கண் இருட்டுகிறது, ஊர் மறக்கிறது, பெரேரா மறக்கிறார், கயிறு மறக்கிறது, அந்த இருட்டுக்குள்ளிருந்து இடது கை தானாகப் புறப்பட்டு வருகிறது, பையன் விழுகிறான், நாற்காலிகள் பறக்கின்றன, கூச்சல் போடுகிறவர்கள் நம்மவர்கள்தான், நொட்டாங்கையால அடிச்சுட்டான், நம்ம மானத்தையே வாங்கிட்டான், சண்டையை ஏற்பாடு செய்த ஒப்பந்தக்காரர் மேடையில் ஏறிக் காதில் சொல்கிறார், கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுடு சவரி, இல்லன்னா நீ கப்பலேறிப் போகமாட்ட, அப்பா கையுறையைக்கூடக் கழற்றாமல், இரண்டு உருண்டைகளையும் சேர்த்து வைத்துக் கும்பிடுகிறார், வென்றவர் கும்பிடுகிறார், விழுந்தவன் எழுந்து நின்று அதை வாங்கிக்கொள்கிறான், கேக்காதீங்கப்பா என்று பெஞ்சிலிருந்து நான் கத்துகிறேன், குரல் வரவில்லை, தட்டச்சு மிஷின்களின் சத்தம்தான் வருகிறது, நான் மாலை வகுப்பில் இருக்கிறேன், எமிலியா டீச்சர் என் தோளுக்குப் பின்னால் நின்று, எங்கம்மா பாத்துக்கிட்டிருக்க, விரலப் பாரு, என்கிறார், பார்க்கிறேன், இடது கை விரல்கள் வலது கையை முந்திக்கொண்டு ஓடுகின்றன, சோற்றுத் தட்டில் இந்தக் கை நீளும்போதெல்லாம் அம்மா அகப்பைக் காம்பால் தட்டியிருக்கிறாள், இந்தக் குறிப்பைக்கூட வலது கையால்தான் எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது, எமிலியா டீச்சர் மட்டும் சொல்கிறார், இந்த மிஷினுக்கு இடது கையிலதான்டி வேலை ஜாஸ்தி, உனக்கென்ன, நீ பறந்துடுவ.

ரங்கூனிலிருந்து வந்தவர் மேடை ஏறவேயில்லை, சங்கத்து இடத்தில் இந்தக் கொட்டகையைப் போட்டுக்கொண்டு வாத்தியார் ஆனார், நல்ல வாத்தியார், கோபக்கார வாத்தியார், ஆனால் இடது கைக்காரன் எவன் வந்தாலும் முதல் வேலையாக ஆணியில் தொங்கும் கயிற்றை எடுப்பார், பயிற்சி முழுக்கக் கட்டி வைத்து, சண்டைக்கு மட்டும் அவிழ்ப்பார், சிக்கந்தர் வந்தபோதும் அதுதான், செம்பட்டு ஊரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவன், எத்தனை தடவை குளித்தாலும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் மணக்கிறவன், கயிற்றைப் பார்த்ததும் சிரித்தான், வாத்தியாரே, நாள் பூரா இந்தக் கையாலதான் தோலச் சுரண்டுறேன், இதுவரைக்கும் ஒரு ஆடும் கோவிச்சுக்கிட்டதில்ல, அப்பா சொன்னார், ஆடு செத்துப்போச்சுடா, எதிர நிக்கிறவன் உசிரோட இருப்பான், அவன் கோவிச்சுக்குவான், திரும்பு, கட்டினார், அவன் திரும்பி என்னிடம், தங்கச்சி, எங்க அத்தா மாட்டக்கூட இப்படிக் கட்டுனதில்ல, என்று கண்ணடித்தான், ஆனால் கட்டிய கையோடு அவன் மூட்டையைக் குத்தும்போது நான் பார்த்திருக்கிறேன், வலது கை குத்துகிறது, தோள் மட்டும் இடப்பக்கம் துடிக்கிறது, உள்ளே யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருப்பதைப் போல, அதை அப்பாவும் பார்த்தார், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று சுபேதார் கோபித்துக்கொண்டு போன பிறகு வீட்டில் அப்பா சாப்பிட உட்கார்ந்தார், நாளையிலேர்ந்து கயித்த இன்னும் இறுக்கணும், என்றார், எனக்கு எப்போதும் பேச வேண்டியதெல்லாம் மறுநாள் குறிப்பு எழுதும்போதுதான் தோன்றும், நேற்று என்னவோ அப்போதே வந்துவிட்டது, கொழும்புல பெரேரா உங்களக் கட்டுனாரு, இங்க நீங்க இவனக் கட்டுறீங்க, உங்களுக்கும் அவருக்கும் என்னப்பா வித்தியாசம், என்றேன், அம்மா, வாய மூடுடி, என்றாள், அப்பா தட்டை ஓங்கித் தள்ளினார், தட்டு சுவரில் மோதிச் சுழன்று நின்றது, தள்ளியது எந்தக் கை என்று மூன்று பேரும் பார்த்தோம், அப்பாவும் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அப்பா, சட்டத்துல எந்தக் கைன்னு எழுதியிருக்கா, என்று கேட்டேன், இல்ல, எனக்குத் தெரியும், ரங்கூன்லயே தெரியும், என்றார், அப்புறம் ஏன்ப்பா, என்றேன், பயம் பாப்பா, வேற என்ன, என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார்.

இன்று வகுப்பு விட்டு நேரே கொட்டகைக்குப் போனேன், சுபேதார் எனக்கு முன்பே வந்திருந்தார், கூடவே தாடையில் மருந்துப் பற்றோடு மோகனரங்கம், சிக்கந்தர் ஓரமாகக் கயிறு சுழற்றித் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தான், இடுப்பில் கயிறு இல்லை, நாளைக்குச் சுதந்திர தினப் போட்டியில் இவர்கள் இருவரும்தான் கடைசிச் சண்டை, சவரி, ஊரே பாக்குற சண்டை, அதனால பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொல்றேன், என்றார் சுபேதார், மணி அடிக்கறதுக்கு முன்ன இந்தத் தோல் ஷாப்புப் பய மேடையில எல்லாருக்கும் முன்னால மோகனத்தக் கும்பிட்டு மன்னிப்புக் கேக்கணும், அப்புறம் ஒழுங்கா வலது கைக்காரனா நின்னு சண்டை போடணும், அவ்வளவுதான், அவ்வளவுதான் என்று அவர் சொன்னபோது எனக்குள்ளே கியாஸ் விளக்குகள் எரிந்தன, நாற்காலி ஒன்று பறந்து வந்தது, அப்பா எந்த ஊரில் நிற்கிறார் என்றே எனக்குத் தெரியவில்லை, இரண்டு உருண்டைகளும் சேரப் போகின்றன என்று நினைத்தேன், கண்ணை மூடிக்கொண்டேன், மன்னிப்பா, என்று அப்பாவின் குரல் கேட்டது, நிதானமாக, ஏதோ விலை விசாரிக்கிறவரைப் போல, அத நான் ஒரு தடவ கேட்டுட்டேன் சுபேதார் ஐயா, நல்லா ரெண்டு கையையும் சேத்துக் கேட்டுட்டேன், அந்த ஒண்ணே எனக்கும் எங்கிட்ட வர்ற பயலுக அத்தன பேருக்கும் சேத்துப் போதும், இனிமே எவனும் கேக்கமாட்டான்.

சுபேதாரின் மீசை துடித்தது, அப்படின்னா இந்தக் கொட்டகை சங்கத்து இடம்கிறது ஞாபகம் இருக்கட்டும், சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு, நாளைக்குக் காலையில பெங்களூர்லேர்ந்து ரெஃப்ரி வர்றாரு, இந்தப் பய முறையில்லாத ஆளுன்னு நான் ஓட்டல்ல வச்சே அவர்கிட்டச் சொல்லி நிறுத்திடுறேன், என்று வலது கையை நீட்டினார், அப்பா இடுப்பு மடிப்பிலிருந்து சாவியை எடுத்தார், எடுத்து, அதை இடது உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை முழுக்க நீட்டினார், இந்தாங்க, என்றார், சிக்கந்தரின் கயிறு நின்றுவிட்டது, நீட்டிய வலது கை அப்படியே நின்றது, ஒரு பட்டாளத்துக்காரர், ஒரு பெரிய மனிதர், மருமகன் பார்த்துக்கொண்டிருக்க, இத்தனை பயல்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு முன்னாள் மூட்டைக்காரரின் இடது கையிலிருந்து சாவி வாங்குவதா, வலது கையால குடுய்யா, என்றார், வலது கைக்கு விரல் மடங்காது ஐயா, உங்களுக்கே தெரியும், இதுதான் என் கை, வேணும்னா எடுத்துக்குங்க, அப்பா கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார், சுபேதாரின் கை பின்வாங்கியது, மேஜை மேல வையி, என்றார், மேஜை இல்லீங்களே, தரையில வேணா வைக்கட்டுமா, குனிஞ்சு எடுத்துக்கிறீங்களா, என்று அப்பா கேட்டபோது சிக்கந்தர் தும்முவதுபோல ஒரு சத்தம் செய்தான், சுபேதார் மோகனரங்கத்தைப் பார்த்து, வாடா, என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டார், சாவி அப்பாவின் இடது கையிலேயே இருந்தது.

அப்புறம் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார், டேய் சிக்கந்தர், வா, உன் பக்கத்துலேர்ந்து, நொட்டாங்கைக்காரனாவே நில்லு, பாப்போம், என்றார், தானும் கால் மாற்றி நிற்கப் பார்த்தார், நிற்க வரவில்லை, உடம்பு பெரேரா பழக்கிய பக்கமே போனது, தடுமாறினார், வலது கால முன்னால வையுங்க வாத்தியாரே, இல்ல, அவ்வளவு இல்ல, ஐயோ, செக்கு மாடாட்டம் சுத்துறீங்களே, என்று சிக்கந்தர் சிரித்துக்கொண்டே அவர் முழங்காலைப் பிடித்து நகர்த்தி வைத்தான், அப்பா அவனைக் கெட்ட வார்த்தையால் திட்டினார், திட்டிக்கொண்டே நின்றார், அந்தக் கை எழுந்தது, மெலிந்த, ஒருமுறைகூட உடையாத, வயதே ஆகாத ஒரு கை, அது ரங்கூன் மேடையிலும் பாலக்கரையிலும் ஒரே நேரத்தில் எழுவதைப் பார்த்தேன், சிக்கந்தரின் உள்ளங்கையில் போய் அறைந்தது, யப்பா, என்று சிக்கந்தர் கையை உதறினான், இதப் போயா வாத்தியாரே கட்டி வச்சீங்க, அப்பா மூச்சு வாங்கியபடி ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து என்னிடம் எறிந்து, கொடி கட்டிக்கம்மா, துணி காயட்டும், என்றார்.

ரெஃப்ரியிடம் சுபேதார் போய்ச் சேருவதற்குள் யாராவது சொல்லியாக வேண்டும், இவன் இடது கைக்காரன், சட்டப்படி நிற்கிறான், மன்னிப்புக் கேட்கமாட்டான் என்று, அவருக்குத் தமிழ் வருமோ என்னவோ, அப்பாவுக்குத் தெரிந்தது கப்பல்காரர்களின் இங்கிலீஷ், அதில் திட்ட மட்டும்தான் முடியும், சிக்கந்தர் கையெழுத்து மட்டும் போடுவான், இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், எனக்கு வராதுப்பா, வாய் குழறும், தப்புத் தப்பாப் பேசுவேன், என்றேன், அப்பா, தப்பாவே பேசு, சத்தமாப் பேசு, என்றார், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன், மூன்று விதமாக வருகிறது, மூன்றிலும் ஏதோ இலக்கணப் பிழை இருக்கும் என்று தோன்றுகிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

நாளை: விடியற்காலை ஜங்ஷனுக்குப் போய் பெங்களூர் ரயில் வருகிற பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். சிக்கந்தரையும் அழைத்துப்போக வேண்டும். ரெஃப்ரி இறங்கியதும் நான் பேச வேண்டும்.